கூடாரம் வேண்டாம், காரிலேயே படுப்போம்

குத்துக்கல்வலசை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், கடுதாசியை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன், மீதியைப் போகப்போகச் சொல்கிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சூட்டில் வாடாமல் இருக்க இசக்கியம்மன் துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கூரியரில் கடுதாசி அனுப்புகிறாள் என்று சிரிப்பாய். போனில் வருவது குரல்தானே, குரலை நம்ப எனக்கு இப்போது தைரியமில்லை. என் கோணல் கையெழுத்தை யாராலும் எழுத முடியாது.

அடுத்த மாதம் நாங்கள் வரும்போது சீசனில் லாட்ஜில் ரூம் கிடைக்காது, ஐந்தருவிக்கு மேலே சுடலையாண்டி அண்ணாச்சி தோப்பில் எல்லாரும் ஒரு ராத்திரி தங்கலாம், டென்ட் போடவா காரிலேயே படுக்கவா என்று கேட்டிருந்தாய் அல்லவா. உன் அப்பா ரிட்டயர் ஆன போலீஸ் ஏட்டு, ஸ்பாட்டுக்குப் போய்ப் பார்க்காமல் முடிவு சொல்வாரா, நீ அனுப்பிய டென்டைத் தூக்கிக்கொண்டு போன வாரமே கிளம்பிவிட்டார். அவர் டென்டில், நான் காரில். சீட்டை மடக்கிப் போட்டும் எனக்குக் கால் நீட்ட இடமில்லை, மூச்சுக்காற்றில் கண்ணாடி வேர்த்துவிட்டது, ஒரு விரல் அளவு இறக்கி வைத்தேன். டென்டில் ராஜா மாதிரி நீட்டிப் படுத்திருக்கேன் என்று அவர் பெருமையடித்தார், ஆனால் சாரல் ஈரம் அடிவிரிப்பில் ஏறிவிட்டது, அட்டைக்கடி வேறு. இவ்வளவுதான் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

விடியக் கருக்கலில் உன் குரல் கேட்டது மஞ்சு. அப்பா, இங்கன வாங்க என்று, ஒரே ஒரு தரம். இருட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் பதில் கொடுக்க வேண்டும், மனிதர் அல்லாதது மூன்றாம் தரம் கூப்பிடாது, நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா, டியூஷன் விட்டு வந்து கேட்டில் நின்று மூன்று தரம் கத்துவாயே. நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அப்பாவுக்கு டென்ட் துணிக்கு அந்தப் பக்கம் காதோரமாய்க் கேட்டிருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் வாரேன்ட்டி என்று சொல்லிவிட்டார். ஜிப் திறக்கிற சத்தம் கேட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன், மனிதர் தோப்பை ஒட்டிய ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறார். ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை, அப்புறம்தான் நின்றார். பிள்ள கூப்புடுதா, நீ எதுக்குட்டி ஹாரன அடிக்க என்று என்னையே ஏசினார்.

அன்று மத்தியானம் நீ போன் செய்தாய். நீங்களும் அதே ராத்திரி அங்கே மஸ்கட் பக்கம் மலைமேல் குளிராக இருக்கிறது என்று போய் ஓடைக்கரையில் தங்கினீர்களாம், மாப்பிள்ளையும் பாப்பாவும் காரில், நீ மட்டும் டென்டில். அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா, வாரேன்னு எந்திரிச்சு நடந்துட்டேன், கால்ல தண்ணி பட்டதும்தான் முழிப்பு வந்துச்சு என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கூப்பிடவில்லை, ஆனால் இரண்டு பேரும் பதில் சொல்லிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து அப்பா சாப்பிட உட்கார்ந்தால்கூட யாரும் கூப்பிடாமலே வாரேன் வாரேன் என்கிறார், கேட்டால் நான் எப்ப சொன்னேன் என்கிறார். டாக்டர் பிரஷர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது மஞ்சு. தங்கவே வேண்டாம் என்றால் அப்பாவும் மகளும் கேட்கப்போவதில்லை, இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஆகையால் டென்டைப் பரணில் போட்டுவிட்டேன், எல்லாரும் காரில்தான். கண்ணாடி ஒரு விரலுக்கு மேல் இறங்காது, கதவுப் பக்கம் நான் படுப்பேன், சாவி என் இடுப்பில் இருக்கும்.

நேற்று விளக்கேற்றும் நேரம் கேட்டில் உன் குரல். அம்மா என்று. கொண்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் அம்மா என்று. மூன்றாவது குரலுக்கு நின்றேன், நின்றேன், வரவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா வாரேன்ட்டி என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது அவர் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீ திருவனந்தபுரத்தில் இறங்கி விடியுமுன் வந்து நிற்பாய். முகம் தெரிந்தாலும், பாப்பா அழுதாலும், நீ மூன்று தரம் கூப்பிடாமல் நான் கேட்டைத் திறக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதுவரை அங்கே என் குரலே உன்னைக் கூப்பிட்டாலும் எண்ணிக்கொள். எல்லாரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் இருங்கள். பாப்பாவுக்கு எண்ண வந்துவிட்டதா? இல்லாவிட்டால் இந்த வாரமே மூன்று வரைக்குமாவது சொல்லிக்கொடு.

இப்படிக்கு உன் அம்மா,
மாடத்தி இசக்கிதுரை