கீழ்வீட்டு அக்கா

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தைக் கேட்கத் தேவையில்லை. நீ அனுப்பிய படத்தில் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கிறது. உன் கீழ்வீட்டு அம்மாள் ரொட்டிக்கடையில் வேலை செய்வதன் லாபம் போலிருக்கிறது.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஊரில் எழுபது வயதுப் பேராசிரியரைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாமே, அதைக் கேட்டு அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். முதல்முறை விருந்துக்குப் போன வீட்டில், நம் வழக்கப்படி "வேண்டாம்" என்றாயாம். அவர்களும் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இன்னும் இரண்டு முறை கேட்பார்கள் என்று நீ கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டது.

சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மழையில் நின்றாயாம். பதற்றத்தில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி "அக்கா, அக்கா" என்று கத்தினாயாம். அந்த அம்மாள் அர்த்தம் கேட்டாளாம், நீ சொன்னாயாம், அவள் பூரித்துப்போய் உன் கையாலேயே அந்த வார்த்தையை எழுதி வாங்கிக் கதவில் ஒட்டிக்கொண்டாளாம். இப்போது உன் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறதாம். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு! அத்தை என்றிருக்கலாம், பெரியம்மா என்றிருக்கலாம். உறவு சொல்ல நமக்கு வார்த்தைக்கா பஞ்சம்?

வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. உன் முடியை அவள் தோள்வரை வெட்டிவிட்டாளாம். அம்மா போனதிலிருந்து பத்து வருடம் அந்த முடியை வாரிப் பின்னியவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படத்தில் பார்த்தால் உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் இன்னும் எரிகிறது.

நேற்று மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது வில்லையை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனிதர் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கியதும் தடுமாறித் திரும்பி வந்தார். "கண்ணு ரெண்டும் இங்கதான் இருக்கு, மனசு எங்கம்மா போச்சு?" என்று முதலாளி கேட்டார். எங்கே போகும்? அந்தக் கதவில் ஒட்டிய தாளுக்குத்தான் போயிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலும் இரண்டு வருடம் படிக்க வீட்டார் சம்மதம் வேண்டும் என்று நீ அனுப்பிய படிவம் வந்து சேரவில்லை என்று போனில் இரண்டு தடவை சொன்னேனே, பொய். வந்து பதினோரு நாள் ஆகிறது. வில்லைப் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். கடைசித் தேதி தாண்டிப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். நீ என்னைத் திட்டலாம். கடைக்கு வந்த உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டார். "அவ உன்னை விட்டுட்டுப் போகலடி, படிக்கப் போயிருக்கா" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று கத்திவிட்டு, அப்புறம் அழுதேன்.

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உறவு என்ற கட்டத்தில் "அக்கா" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் வரை பதிந்துவிட்டது. அலுவலகத்தில் யாராவது அர்த்தம் கேட்டால் சொல்லு, எழுதி மட்டும் கொடுத்துவிடாதே.

கீழ்வீட்டு அம்மாள் அன்றைக்குக் கதவைத் திறந்து உன் தலையைத் துவட்டிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அதற்கு என் கும்பிடு. அதற்கு மட்டும்தான்.

வகுப்பு தொடங்குமுன் ஒரு மாத விடுமுறை இருக்கிறது, வரட்டுமா என்று போனில் கேட்டாய். எதற்கு வீண் அலைச்சல், வேண்டாம் என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். அந்த ஊர்ப் பழக்கம் உனக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு முறை கேட்டிருக்கக் கூடாதா?

நன்றாகப் படி, நன்றாக இரு. விடுமுறைக்கு வந்துவிட்டுப் போ. ஒருமுறைதான் எழுத வருகிறது. மீதி இரண்டு முறையும் கூப்பிட்டதாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ஒரே அக்கா