மூடி என்று வைத்த பெயர்

ஜூலை 8

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் அம்சவேணி, அவள் மகன் குமரகுரு. நெசவுக்காரன் பாண்டியன் உள்ளே தறியில் இருந்தான். என் மகன் சிவராஜும் அவன் மகள் சங்கரியும் ஓரிக்கையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து, தறிக்கு மேலே, புடவையில் பூ விழ நூலைத் தூக்கிக் கொடுக்கிற மோட்டார் ஜக்கார்டு பெட்டிக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். மூடி திறந்தது, மோட்டார் சூடானது என்று பெட்டியிலிருந்து வருகிற ஒவ்வொரு சேதிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். ஒருத்தர் வைத்த பெயரைப் பார்த்துத்தான் மற்றவர் மேலே எழுத முடியும். குமரகுரு ஏ1, ஏ2 என்று வைத்துத் தள்ளுவான். "ஏ2ன்னா என்னடா, உன் மண்டையா?" என்பாள் சங்கரி. அதனால் அவள் கம்ப்யூட்டரிலேயே ஒரு செக்கர் போட்டுவிட்டாள். பெயர் ஒழுங்காக இல்லையென்றால் சிவப்பு காட்டி நிறுத்திவிடும்.

இன்று அவனுக்குச் சிவப்பு மேல் சிவப்பு. மேசையைக் குத்தினான். காப்பி டம்ளரைச் சுவரில் அடித்தான். அப்புறம் சிரித்தான்.

"மோட்டார் சூட்டுக்கு 'மூடி திறந்திருக்கு'ன்னு பேரு வெச்சுட்டேன்மா. பச்சை வந்துடுச்சு. அதுக்கு எழுத்து ஒழுங்கா இருந்தா போதும், உள்ள என்ன இருக்குதுன்னா தெரியும்?"

"மாத்திடுடா. சங்கரி நம்பி எழுதிடப் போறா" என்றாள் அம்சவேணி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"நாளைக்கு மாத்திக்கலாம்."

ஜூலை 9

மாற்றினாயா என்று கேட்டேன். "மாத்தியாச்சு ஆயா, உன் வேலையப் பாரு" என்றான். டம்ளர் நசுங்கியது நசுங்கியதுதான்.

ஜூலை 18

எழுதாவிட்டால் யாரையாவது அடிப்பேன்.

பாண்டியன் பெட்டி மூடியைத் திறந்து, வளைந்த கொக்கியை நிமிர்த்தக் கை விட்டான். மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று விரல். பாதி நெய்த புடவை மேல் ரத்தம் கொட்டுகிறது, மனுஷன் கத்தக்கூட இல்லை. கையையே பார்த்துக்கினு நின்றான்.

ஜூலை 19

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டுமாம். மூடி திறந்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற வரி சங்கரி எழுதியது. அதற்கு மேல் படிக்கச் சிவராஜுக்குத் தெரியாது.

"அவன் வெச்ச பேரைப் பாத்துத்தாம்பா எழுதினேன். பேரு மூடின்னு இருக்குது, உள்ள மோட்டார் சூடு இருக்குது" என்றாள் சங்கரி.

"பேரு சரிதான் மாமா. அவ செக்கரே பச்சை காட்டிச்சு. இவதான் அப்புறம் எதையோ கலைச்சுட்டா" என்றான் குமரகுரு. உதடு வெளுத்துப் போயிருந்தது.

நான் சொன்னேன். அன்றைக்கு அவன் சொன்னது, அவன் அம்மா சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். சிவராஜ் தங்கையைப் பார்த்தான்.

"நீ இருந்தியாமே?"

"அம்மாவுக்கு வயசாயிடுச்சுண்ணா. அப்படி எதுவும் பேசல."

சிவராஜ் சங்கரியை அறைந்தான், இடது காதோடு சேர்த்து. தாயில்லாத பெண். தறிக்காலில் மோதி விழுந்தாள். "ஒருத்தன் பொழப்பையே அறுத்துட்டியேடி" என்று முடியைப் பிடித்துத் தூக்கினான். நான் குறுக்கே விழுந்து அவன் கையைக் கடித்தேன். விட்டேனா? ரத்தம் வரும் வரைக்கும் விடவில்லை.

அம்சவேணி செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 20

காது ஜவ்வு கிழிந்துவிட்டதாம். இனிமேல் கம்ப்யூட்டரைத் தொடாதே என்று சிவராஜ் சொல்லிவிட்டான். அவளுக்கு அதைத் தவிர என்ன இருக்கிறது?

ஜூலை 23

குமரகுரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாண்டியனைப் பார்த்தான். "பொண்ண அடிச்சாங்களாமே தம்பி. பாவம், அதுவா வேணும்னு செஞ்சுது?" என்றானாம் பாண்டியன். இவன் நேரே இங்கே வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். பெயரைப் பொய்யாக வைத்ததும், மாற்றாமல் விட்டதும்.

துணி துவைக்கிற கட்டையால் அடித்தேன். முதுகு, தோள், பார்க்கவில்லை. அவன் தடுக்கவில்லை. சிவராஜ் சங்கரியை அடித்த கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை அறைந்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சங்கரிக்கு ஒரு காதில்தான் கேட்டிருக்கும்.

"எனக்கு ஒரே புள்ளம்மா. அவன போலீசு புடிச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் அம்சவேணி.

கட்டையை அவள் பக்கம் ஓங்கினேன். அடிக்கவில்லை. அடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும்.

ஜூலை 24

யாரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15

சங்கரி மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாள். இப்போது பச்சை வந்தாலும் விடுவதில்லை. பாண்டியன் மீதி விரலில் குச்சியைப் பிடித்து மூடியைத் திறக்கிறான். மோட்டார் நின்றால்தான் அந்தப் பெயரை ஒத்துக்கொள்கிறார்கள். "திற... நின்னுடுச்சு. அடுத்தது" என்று குமரகுரு சொல்ல, அவள் திரும்பத் திரும்ப "என்ன?" என்றாள். அவன் எழுந்து நாற்காலியை அவள் வலது பக்கம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டான். அவன் மேல் இருந்த ஆத்திரம் என்னைக் கேட்காமலே கொஞ்சம் இறங்கிவிட்டது. சிவராஜுக்குக் கை கூடிவிட்டது. மகள் முகத்தைப் பார்த்து அவன் இன்னும் சாப்பிடுவதில்லை. கிடக்கட்டும்.

சாயந்திரம் அம்சவேணி மல்லிப்பூ வாங்கி வந்தாள். "வாங்க அத்தை" என்று சங்கரி தலையைக் காட்டினாள். அவளால் முடிகிறது.

"இன்னுமாம்மா கோவம்?" என்று அம்சவேணி என்னிடம் கேட்டாள்.

ஒருத்தன் பயத்தில் பொய் சொன்னான், ஒருத்தன் வெறியில் அடித்தான். இவள் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, குரல்கூட உயராமல் அந்தப் பொய்யைச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன் — நான் பெற்றவளை, அம்சவேணியை.