கழற்றிய கதவு

ஹோலியோக், பிப்ரவரி 9

அம்மா, ஆசி கொடுங்கள். முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் போன்ஸேயில் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

மனநல ஆலோசகராக வாராவாரம் நான் வீட்டுக்கே போய்ப் பேசும் பிள்ளைகளில் ஒருத்தி நாயிர். பதினைந்து வயது. டிசம்பரில் மாத்திரைகளை விழுங்கிப் பிழைத்தவள். அவள் அறைத் தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொன்னேன். அவள் அப்பா கதவையே கழற்றிவிட்டார். அவர் முகத்தில் நிம்மதியைப் பார்த்து நான் பேசாமல் இருந்துவிட்டேன். தவறுதான். இரண்டு மாதமாக அவள் குளியலறையில் உடை மாற்றினாள். என்னோடு பேசவே இல்லை.

நேற்று அவள் அப்பாவிடம், கதவை மாட்டிவிடலாம் என்றேன்.

“மாட்டிட்டா அவ மூச்சு விடுறாளான்னு எனக்கு எப்படித் தெரியும், மிஸ்?”

இருந்தும் தாழ்ப்பாள் இல்லாமல் இருவருமாக மாட்டினோம். நாயிர் உடனே சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே நின்றோம்.

“உயிரோடதான் இருக்கேன். ரெண்டு பேரும் காவல் காத்தது போதும், போய் டிவி பாருங்க,” என்றாள் உள்ளிருந்து.

அவர் நகரவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் நீங்களும் என் அறைக்கு வெளியே நின்றீர்கள். “போம்மா, உயிர வாங்காத,” என்று கத்தினேன்.

காபித்தூள் இரண்டு பொட்டலம் அனுப்புங்கள். அன்று எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்றும் எழுதுங்கள். பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஐவலீஸ்