வெடி வேண்டாம் என்றார்

தை 10, சனி. பனி. பந்தல் இன்னும் பிரிக்கவில்லை.

நேற்று இருந்தவர்களை எழுதி வைக்கிறேன். நான் மறக்கிறவள் இல்லை. பிற்பாடு ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், அதற்காக.

மகன் மூர்த்தி, மருமகள் தேவி. மகள் கலைச்செல்வி, மாப்பிள்ளை பாஸ்கர், பூந்தமல்லியிலிருந்து காரில். பாஸ்கரின் அம்மா ராஜேஸ்வரி, பட்டுப்புடவையில். சாவு வீட்டுக்குப் பட்டு. என் தம்பி கண்ணன். எங்கள் அம்மா செத்தபோது வராதவன், இதற்கு வந்தான். எதிர்வீட்டு சரோஜா. என் வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் இருந்த ஜோசப் அண்ணன், ஆவடியிலிருந்து ரயில் ஏறி, தனியாக, கைத்தடியோடு. தெரு முழுக்க வந்தது. மூன்றாம் வீட்டுக்காரன் மட்டும் இல்லை. வீட்டில்தான் இருந்தான். டிவி சத்தம் கேட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். மூர்த்திதான் சவரம் செய்துவிட்டான். கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

தெரு முனையில் பேனர். ‘மேஜர் ஏகாம்பரம்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு பீரங்கி. மேஜரும் இல்லை, பீரங்கியும் இல்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டினார். எழுபத்தொன்று சண்டையில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேலை. பேனரைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஜோசப் அண்ணன் பெட்டிக்கு முன்னால் சல்யூட் அடித்தார். கையை இறக்கவே இல்லை. தேவி போய் மெதுவாக இறக்கிவிட்டாள்.

வெயில் சாய்ந்து எடுத்தார்கள். பெண்கள் தெரு முனை வரைக்கும்தான். என்னை வாசலிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். மேளம் நகர்ந்தது. பூ இறைத்தார்கள். பிறகு வெடி.

சரவெடி. நடுநடுவே அணுகுண்டு. கடைத்தெரு திரும்புகிற வரைக்கும்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அது.

யார் வாங்கியது?

தை 11, ஞாயிறு. வெயில். பால் தெளிக்க மூர்த்தியும் பாஸ்கரும் போய் வந்தார்கள்.

மூர்த்தி குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

“எவன்டா வெடி வாங்கியாந்தது?”

“இன்னாம்மா, இப்பப் போயி.”

“நீதானே?”

துண்டை உதறினான். கொடியில் போட்டான். மறுபடி எடுத்து உதறினான். “நான்தான்னு வச்சிக்கயேன். வுடு.”

அவன்கூட ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கூட்டம் முழுக்க வந்திருந்தது. குடித்துவிட்டு அவர்களுக்குக் காட்டச் செய்திருப்பான். என் கையால் இனி உனக்குச் சோறு இல்லை என்றேன். தேவி அழுதாள். அழட்டும்.

கலைச்செல்வி அப்போது பூ கட்டிக்கொண்டிருந்தாள், படத்துக்குப் போட. தலை நிமிரவில்லை. அப்பன் மேல் உயிர், அதனால் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சரோஜா இட்லி கொண்டுவந்தாள். அவள் சொன்னது: “அந்த ஆவடிப் பெரியவரு வெடி சத்தத்துக்கு அப்டியே ரோட்ல குந்திட்டாருக்கா. காதைப் பொத்திக்கினு இந்தில இன்னாமோ பேசிக்கினு கீறாரு. தூக்க முடில. மூர்த்திதான் தோள்ல சாச்சிக்கினு ஸ்டேசனாண்ட இட்டுனு போனான்.”

வெடியையும் வைத்துவிட்டுத் தோளும் கொடுத்தானா?

தை 14, புதன். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அவர் இருந்தால் ஒரு தட்டு தட்டுவார், ஓடும். நான் தட்டினேன். ஓடவில்லை.

தீபாவளி ஞாபகம். தீபாவளிக்குத் தீபாவளி அவரே பிள்ளைகளுக்கு வெடி வாங்கிவந்து கொடுப்பார். விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பையில் முறுக்கு எடுத்துக்கொண்டு திருநின்றவூர் ஸ்டேஷன். அரக்கோணம் போவார், திரும்ப வருவார், மறுபடி போவார். ஓடுகிற ரயிலில் சத்தம் பின்னால் போய்விடும் என்பார். ஒரு நாளும் பிள்ளைகளை வெடிக்காதே என்றதில்லை.

கலைச்செல்வி மூன்றாவது படிக்கும்போது, “நானும் வரேம்ப்பா” என்று கூடவே ஓடினாள். புதுப் பாவாடையோடு. அதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் எல்லாத் தீபாவளியும் அவள் ரயிலில்தான். வெடியைத் தொட்டதில்லை. மூர்த்தி இவள் பங்கையும் சேர்த்து வெடிப்பான்.

என்ன பயம் என்று நான் ஒரு தடவைதான் கேட்டேன். சொன்னார். “சத்தத்துக்குப் பயம் இல்ல. லாரில பின்னாடி படுத்திருந்தவங்க வழியெல்லாம் கத்திக்கினே வந்தாங்க. ஒரு எடத்துல குண்டு வுழுந்துச்சு. அப்பால பின்னாடி சத்தமே இல்ல. நான் ஓட்டிக்கினே இருந்தேன். யாராச்சும் கத்துங்கடா, கத்துங்கடான்னு.”

மறுபடி கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு நடக்க முடியவில்லை. ரயில் இல்லை. கதவை மூடி, காதில் பஞ்சு வைத்து உட்காரவைத்தோம். சாப்பிடும்போது சொன்னார், மூர்த்தியும் கலைச்செல்வியும் இரண்டு பக்கமும் இருக்க: “நான் போனா மேளம் அடிங்க, ஆடுங்க, இன்னா வோணா பண்ணுங்க. வெடி மட்டும் வேணாம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தை 19, திங்கள். பனி குறைவு. அவர் சட்டைகளை மடித்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

மூர்த்தி கடையில் சாப்பிடுகிறான். தெருவில் போகிறவர்களிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். குற்றம் உள்ள நெஞ்சு.

காலையில் வாசலில் இரண்டு பேர் பேச்சு.

“அண்ணாத்தே பூட்டாரு. கேண்டீன் கார்டு இன்னா ஆவும்?”

“அதான்டா உனக்குக் கவலை. அவரு குடுத்த சரக்குக்கு நீ ரெண்டு நாள் சேத்து அழுவணும்.”

பட்டாளத்துக் கேண்டீனில் வாங்குகிற சோப்பு, ஹார்லிக்ஸ் எல்லாம் தெருவுக்கே போகும். பாட்டில் மட்டும் வாங்க மாட்டார், கெஞ்சுகிறவர்களுக்குத் தவிர. நான் திட்டுவேன். “ஆசையா கேக்கிறான், பாவம்” என்பார். மூன்றாம் வீட்டுக்காரனும் ஆசையாகக் கேட்டவன்தான்.

நான் அம்பத்தூரில் துணிக் கம்பெனிக்கு விடியற்காலை ஷிப்ட் போன காலம். கலைச்செல்விக்குத் தலை வாரிப் பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர். “பட்டாளத்தான் சடை பின்றான் பாரு” என்று என் தம்பி கண்ணன் சிரித்தான். நடு வகிடு அவ்வளவு நேராக எனக்கு வராது.

தை 23, வெள்ளி. காரியம். நல்ல வெயில். வடை பாயசம். சொந்தம் எல்லாம்.

பந்தியில் சம்பந்தியம்மா ராஜேஸ்வரி பக்கத்து இலைக்காரியிடம் சத்தமாக: “எங்க மருமக தங்கம். அப்பாவ ராஜா மாதிரி அனுப்பினா. வெடி எல்லாம் அவ ஏற்பாடுதான். வெறும் மேளத்தோட தூக்கினா எங்க சொந்தக்காரங்க முன்னாடி நல்லாவா இருந்திருக்கும்?”

கையில் சாம்பார் வாளி. கீழே வைத்தேன்.

மகளை உள்ளே கூப்பிட்டேன். வந்தாள். கேட்டேன்.

“ஆமாம்மா. நான்தான். பாஸ்கர் வீட்ல அத்தனை பேர் வந்திருந்தாங்க. பட்டாளத்துக்காரர் சாவு இப்படியான்னு கேட்டா நான் எங்க மூஞ்சிய வச்சிக்கறது?”

“வேணாம்னாரேடி. உன் பக்கத்துல குந்திக்கினு சொன்னாரே.”

“உசுரோட இருக்கும்போது சொன்னாரு. செத்தவருக்குக் காது கேக்குமா?”

“எனக்குக் கேட்டுதுடி.”

அழுதாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, வெளியே கேட்காமல். அதிலும் யாருக்கும் கேட்கக் கூடாது.

தை 24, சனி. மேகம். காரியம் முடிந்தது, இனிக் கவிச்சி ஆகலாம். சங்கரா மீன் வாங்கினேன்.

மூர்த்தியைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

“தெரிஞ்சிக்கினே ஏன்டா உன் தலைல போட்டுக்கின?”

“அவ வாழப்போன ஊட்ல இருக்கணும்மா. நீ வாயத் தொறந்தா பூந்தமல்லி வரிக்கும் கேக்கும். நான் இன்னா, திட்டு வாங்கிப் பழகினவன்.”

அவரே உட்கார்ந்து பேசியது போல் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

“வுட்டுரும்மா. அப்பா இருந்தா வுட்டிருப்பாரு.”

விட்டிருப்பார். அவர் எல்லாரையும் விட்டவர். வெடித்த பிள்ளைகளை, சிரித்த கண்ணனை, வாங்கித் தின்றுவிட்டு எட்டிப்பார்க்காதவனை. அவர் இல்லை இப்போது. நான் இருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும். பட்டுப்புடவைக்கு மேல் அவளிடம் எனக்குப் பேச்சில்லை. கண்ணனைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

காலையிலிருந்து போன் அடிக்கிறது. எடுக்கவில்லை. தேவி எடுக்கப் போனாள், முறைத்தேன்.

எல்லாத் தீபாவளியும் ரயிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். தெரிந்தே செய்தவள்.

கலைச்செல்வி.