அம்மாவுக்குச் சொல்லாத பெட்டிச் சாப்பாடு

புருசெத், ஒஸ்லோ
14.10.2008

அன்பு மகள் அஜந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் மருமகன் மதுரனும் அம்மாவும், எல்லாருக்கும் மேலாக எங்கள் பேத்தி சின்னவளும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைக்கிற மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறார், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் மதுரனின் வேலையிடத்துக்கு அனுப்பியிருக்கிறாரே என்று நீ பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. அங்கே தொலைபேசியை எடுப்பது அம்மா, தபால்பெட்டியைத் திறப்பதும் அம்மாவாகத்தான் இருக்கும். இதை நீ முதலில் வாசிக்க வேண்டும்.

சின்னவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள் என்று மதுரன் சொன்ன அன்று அம்மா ஒரு மணித்தியாலத்தில் பெட்டி அடுக்கினாள். விமான நிலையத்தில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, சீனி வருத்தக் குளிசையை மறந்து போகாதேங்கோ என்று. முதல் கிழமை சமைத்தேன், அது உண்மை. பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன். ஆனால் மேசையில் ஒரே ஒரு சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு இருந்தபோது சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை பிள்ளை. வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்தில்கூட ஆறு பேர் ஒன்றாக இருந்துதான் சாப்பிட்டோம், தனியே சாப்பிட நான் பழகவே இல்லை. பிறகு பின்னேரத்தில் பாணும் பாலும், காலையில் வெறும் தேத்தண்ணி. அம்மா என்ன சமைச்சனீங்கள் என்று கேட்கும்போது மட்டும் புட்டு, மீன்குழம்பு, கீரை என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எனக்குப் புட்டு அவிக்கத் தெரியாது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை, அந்த அளவுக்கு அவள் நினைவெல்லாம் சின்னவளிடம்தான்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் நான் துப்புரவாக்கும் கந்தோர்க் கட்டடத்துக்கு வெளியே குப்பைத் தொட்டிகளை இழுத்து வைக்கும்போது கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டேன். அந்த மூலையில் ஒரு சாப்பாட்டு வான் வண்டி நிற்கிறது, தாய்வான் நாட்டுப் பெண் ஒருவர் மதியச் சாப்பாட்டைப் பெட்டிகளில் போட்டு விற்கிறார். சூஹுவா என்று பெயர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஓடி வந்து, சீனி வருத்தமோ என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். சீனி கரைத்த தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கி, வானின் படியில் என்னை இருத்தி, அம்புலன்ஸ் வரும்வரைக்கும் என் கையை விடவில்லை. வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் குளிசை போட்டதுதான் வினை, ஆள் இல்லாத இடத்தில் விழுந்திருந்தால் கதை வேறு என்றார்கள். டொக்டர் இப்போது குளிசையைக் குறைத்துவிட்டார், கிழமைக்கு ஒருமுறை பார்க்கிறார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

அடுத்த நாள் நன்றி சொல்லப் போனேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சாப்பிட்டாச்சோ என்று கேட்டு ஒரு பெட்டியை நீட்டினார். தங்கள் பக்கத்தில் ஆளைக் கண்டால் முதலில் கேட்பது அதுதானாம். எங்களிலும் அப்படித்தான் என்றேன். சோறு, சோயாவில் வேகவைத்த கோழிக்கால், பாதியாக வெட்டிய பழுப்பு நிற முட்டை, புளிக்க வைத்த ஏதோ கீரை. பன்றி இறைச்சிக்குத்தான் அவரிடம் கூட்டம், நான் கோழி. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கு இறைச்சிக் கரண்டியைத் தொடாமல் வேறு கரண்டியால் போட்டுத் தருகிறார். உறைப்பு என்று ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளை, முதல் நாளே பெட்டியை வழித்துச் சாப்பிட்டேன். வானின் பக்கத்தில் ஒரு பலகை அடித்திருக்கிறது, நாலைந்து பேர் அதில் வைத்து நின்றபடி சாப்பிடுவோம். கதைப்பது குறைவு. பக்கத்தில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டு நின்றால் எனக்குச் சோறு இறங்குகிறது, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் ஆட்கள் இல்லை. நான் சாப்பிட்டுக்கொண்டு நிற்க அவருக்கு மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. மழைச்சத்தம் அவனுக்குக் கேட்காமல் யன்னலை இழுத்து மூடிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். திறந்தபோது கண் சிவந்திருந்தது. மகனைக் கண்டு நாலு வருடமாம், தாய்வானில் படிக்கிறானாம். அம்மா ஒஸ்லோவில் பன்னிரண்டு மேசை போட்ட உணவகம் வைத்திருக்கிறா என்றுதான் அவன் நம்பியிருக்கிறான். குளிரில் வானுக்குள் நிற்கிறேன் என்று தெரிந்தால் படிப்பை விட்டுவிடுவான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் விழுந்ததை மனுசிக்குச் சொன்னீங்களோ என்று கேட்டார். இல்லை, சொன்னால் அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னுடைய பொய்க்கு நாலு வயசு, இனி அதை நிப்பாட்ட எனக்குத் தெரியேல்லை, உங்கடைக்கு ரெண்டு கிழமைதானே என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் நீயே சொல், சின்னவள் பால் குடித்து நித்திரையான நேரமாகப் பார்த்துச் சொல். கோபிப்பாள், அழுவாள், அடுத்த விமானத்துக்கு ரிக்கெற்றை மாற்ற நிற்பாள், விட்டுவிடாதே. தைமாதம் வரைக்கும் பிள்ளைக்கு அவள் கை வேண்டும். எனக்கு இங்கே மதியத்துக்குச் சோறும், கேட்க ஒரு ஆளும் இருக்கிறது. நீயும் அம்மா வைக்கிற சரக்குக்கறியை முகம் சுளிக்காமல் சாப்பிடு, பிள்ளை பெற்ற உடம்பு. பனி தொடங்கினால் மதுரனை மெதுவாகக் கார் ஓட்டச் சொல். சின்னவளின் நிறையை ஒவ்வொரு கிழமையும் எனக்கு அறிவி.

நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம், சின்னவளின் உள்ளங்காலுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே பிள்ளை. அம்மாவிடம் கதையைத் தொடங்கும்போது விழுந்ததில் தொடங்காதே. அப்பா இப்போது ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறார் என்று முதலில் சொல், மற்றதைப் பிறகு சொல்.

என்றும் அன்புள்ள அப்பா,
பத்மநாதன்