வெயில் பட்ட ஜமரா

பந்திபூர்
பௌர்ணமி, மதியம்

அன்புள்ள சுயோக்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பூஜை அறையில் துர்க்கைக்காக வளர்த்து மிஞ்சியிருந்த ஜமராவை, அந்தப் பார்லி முளைகளை, அள்ளிக்கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட்டு வந்தேன், இந்த வருஷத் தசைன் பண்டிகை அதோடு முடிந்தது. அப்பாவும் நானும் நலம். நீ நலம் என்பதை உன் குரலிலேயே கேட்டுவிட்டதால் முதல் வரியில் வழக்கமாகக் கேட்பதை இந்த முறை கேட்கவில்லை. நீ பேசிய அன்று எல்லோரும் போனைச் சுற்றி நின்றதால் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

உன் அறையில் தங்கி எங்கள் பள்ளியில் பாடம் நடத்தும் செக் நாட்டுப் பெண் ஹன்காவைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். பூஜை அறைக்குள் வெளியாளை விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன், அப்பா பலிக்கு ஆடு வாங்க அலைந்துகொண்டிருந்தார், அதனால் முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவளிடம் விட்டேன். தசைனின் எட்டாம் நாள் எழுந்து போய்ப் பார்த்தால் முளைத் தட்டைக் காணோம். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் இருக்கிறது, இருட்டிலேயே வளர்ந்து பொன்மஞ்சளாக இருக்க வேண்டிய முளை பச்சைப் பசேலென்று. பாவம்மா, இருட்டுல கெடந்து வெளுத்துப் போச்சு, அதான் தினமும் வெயில்ல வச்சேன் என்று பெருமையாகச் சொன்னாள்.

விதை போட்ட அன்று பேசிய நீ அதற்குப் பிறகு பேசவேயில்லை. முளை நிறம் மாறினால் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள், அந்தப் பச்சையைப் பார்த்ததும் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். எம் பிள்ளை உசுரோடவா விளையாடுற என்று கத்திவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு இலை எப்படிப் பச்சையாகிறது என்று சொல்லித் தருகிற நானே இப்படிக் கத்தினேன். ஹன்கா பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். தசைனில் பஸ் ஏது என்று நான் கேட்டால், கீழே டும்ரே மெயின் ரோடு வரைக்கும் நடந்தே இறங்கிடுவேன் என்றாள். அப்பா என்னிடம், முளை என்ன பண்ணுச்சு, பயம் உன்னோடது, அந்தப் பொண்ணு மேல ஏன் பாயுற என்றார். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பெட்டியை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, பெரியவங்க கையால நெத்தியில டீக்கா வாங்காம யாரும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

பத்தாம் நாள், டீக்கா அன்று, நாங்கள் கிளம்புவதற்குள் உன் பெரியப்பாவே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். தட்டைப் பார்த்தவர், ஏம்மா, இது ஜமராவா கீரைப் பாத்தியா, நல்லவேளை ஆட்டை நேத்தே வெட்டிட்டீங்க, இல்லேன்னா இதைக் காதுல செருகினதும் என் காதையும் சேர்த்து மேஞ்சிருக்கும் என்றார். ஹன்கா முன்னால் வந்து, நான்தான் பெரியப்பா வெயில்ல வச்சேன் என்றாள். அவர் முளையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, வருஷா வருஷம் இருட்டுல வச்சுத்தான் வளர்த்தோம், என் பசங்க ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ஊர்ல தங்கினானா, இந்தத் தடவை வெயிலும் பார்க்கட்டும் என்று சொல்லி, தயிரில் குழைத்த சிவப்பு அரிசியை அவள் நெற்றியில் முதலில் அப்பி, காதில் பச்சை முளையைச் செருகினார். அவர் கையைத் துடைப்பதற்குள் உன் போன் வந்தது. போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது, வேறு பழத்தோட்டத்துக்கு வேலை மாறிவிட்டேன் என்று நீ சாவகாசமாகச் சொல்கிறாய், நான் சமையலறைக்குள் போய் அழுதேன். ஹன்கா பின்னாலேயே வந்து கட்டிக்கொண்டாள். கேட்க வேண்டிய மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன்.

நேற்று அவள் சொன்னாள், மார்ச்சில் அவள் அம்மா வருகிறாராம், மகள் படுக்கும் கட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத பலத்தோடும் இருக்க வேண்டும். குளிரில் ஈரச் சாக்ஸோடு நிற்காதே. வாரம் ஒருமுறை பேசு, யார் போனிலாவது. அடுத்த தசைனுக்குக் கட்டாயம் வந்துடுவேன் என்று நீ மூன்றாவது வருஷமாகச் சொல்கிறாய், அந்த நாட்டில் தங்கும் காகிதம் கைக்கு வராமல் உன்னால் கிளம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். இளையவர்கள்தான் மூத்தவர் வீடு தேடிப் போய் டீக்கா வாங்க வேண்டும் என்பது நம் வழக்கம். இருக்கட்டும். எனக்கு ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன், அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அடுத்த தசைனுக்கு நான் வருகிறேன்.

உன் அம்மா,
மஞ்சுஷா