ரெண்டு விசில்

ஜூன் 9, திங்கள்

வலது நுரையீரலில் இருக்கும் புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்துவிடலாமாம். ஆனால் டாக்டர் ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார்: "மூச்சுல பலம் ஏறினாத்தான் ஆபரேஷன்." அடுத்த மாதம் என்னை மாடிப்படி ஏறவைத்துப் பார்ப்பாராம். அதுவரை வீட்டில் நடக்க வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பந்து, பக்கத்தில் ஒரு குழாய். என் வீட்டுக்காரி நாகம்மாள் அதைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

கன்னம் வலிக்க ஊதினேன். ஒரு பந்துகூட அசையவில்லை. முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன் நான்! செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் ஊதினால் பக்கத்து வண்டி டிரைவரும் சேர்ந்து கிளம்புவான்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்குள்ளேயே நடை, என் பழைய பஸ் ரூட் கணக்கில். கூடம் செஞ்சி, அடுப்படி வல்லம், பின்பக்கக் குழாயடி தொண்டூர். என் பழைய விசில் நாகம்மாள் கையில். ஒன்று கொடுத்தால் நிற்க வேண்டும், ரெண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். வல்லத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். "இன்னாயா, டீ குடிக்க எறங்கிட்டியா? வண்டி கெளம்புது" என்று ரெண்டு விசில் கொடுத்தாள். ஒரு பாசஞ்சரைக்கூட நான் இப்படி விரட்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பந்து அசையவே இல்லை. நாகம்மாகிட்ட ஏறுது ஏறுதுன்னு சொல்லிட்டேன். பயமா இருக்குது. மூச்சே போயிடுச்சா? ஆபரேஷன் இல்லன்னு சொல்லிட்டா — இன்னா பண்ணுவேன்?

ஜூன் 22, ஞாயிறு

மகள் ரஞ்சனி திண்டிவனத்திலிருந்து வந்தாள். நான் ஊதுவதைப் பார்த்துவிட்டு, "நைனா, இது விசில் இல்ல! ஊதக்கூடாது, உள்ள இழுக்கணும்" என்றாள்.

நர்ஸ் சொல்லித்தான் இருப்பார். நான் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இழுத்தேன். ஒரு பந்து டக்கென்று மேலே போய் நின்றது!

"ஏறுது ஏறுதுன்னியே?" என்று நாகம்மாள் பிடித்துக்கொண்டாள். திட்டினாள், சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டாவது பந்தும் ஏறியது. இது நிஜம்.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் என்னோடு மாடிப்படி ஏறினார். நான் எங்கேயும் நிற்கவில்லை. மேலே போனதும் அவருக்கும்தான் மூச்சு வாங்கியது, நான் கண்டுகொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன்!

ஜூலை 12, சனி

கட்டியை முழுசாக எடுத்தாச்சாம். எழுத்து கோணலாக வருகிறது. விலாவில் குழாய் சொருகியிருக்கிறார்கள். காலையில் வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். கால் வரவில்லை. வலியில் கண் இருட்டியது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து மெதுவாக ரெண்டு விசில்.

"யாரும்மா அது, ஆஸ்பத்திரியில விசில் அடிக்கறது?" என்று நர்ஸ் அதட்டினார். நாகம்மாள் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு விசில் கொடுத்த பிறகு வண்டி நிற்கலாமா? கிளம்பிவிட்டேன்.